கைவலிக்கும் தைராய்டுக்கும் என்ன சம்பந்தம்?

2023 மார்கழியில் ஒரு நாள், ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் முந்தானைக்குச் சேஃப்டி பின் குத்தப் போனேன். ஊசியை அழுத்தி அந்தக் கொக்கிக்குள் தள்ள வேண்டும், அவ்வளவுதான். விரல்களுக்கு அந்தத் தெம்பு இல்லை. மூன்றாவது தடவை ஊசி விரலில் ஏறியதுதான் மிச்சம். மகளைக் கூப்பிட்டேன். "பனிக்கு விறைச்சிருக்கும்மா" என்று குத்திவிட்டுப் போனாள். நானும் பனி என்றே நம்பினேன். அடுத்த வாரம் காபி ஆற்ற டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மோதிரம் கழற்ற வரவில்லை. காலையில் ஐந்தரைக்கு எழுந்தால் விரல்கள் ஒழுங்காக மடங்க ஏழரை ஆகிவிடும். அதன்பிறகு மதியத்துக்குள் எல்லாம் இளகிவிடும், காலையில் பட்ட பாடு எனக்கே பொய்யாகத் தெரியும்.

எனக்கு அப்போது 46 வயது. ஈரோட்டில் ஒரு நூல் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். எனக்கு வந்தது முடக்குவாதம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சரவாங்கி என்பார்கள். ஆனால் இதை எழுத உட்கார்ந்தது அதைப் பற்றிச் சொல்ல மட்டும் இல்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வந்தவையும், ஏற்கெனவே உடம்பில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தவையும்தான் முதல் ஒரு வருடம் என்னை அதிகம் அலைக்கழித்தன. கொரோனா சமயத்தில் தினமும் செய்தியில் 'இணை நோய்' என்று சொல்வார்களே, அந்தச் சொல் யாரோ வயதானவர்களுக்கானது என்று நினைத்திருந்தேன்.

முதல் மூன்று மாதத்தை நான் வீணாக்கினேன். எங்கள் வீதியில் அப்போது காய்ச்சல் ஓடிக்கொண்டிருந்தது. சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மாதக்கணக்கில் மூட்டுவலி இருக்கும் என்பதால் எனக்கும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எனக்குக் காய்ச்சலே வரவில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும் அழுத்திச் சொல்லவில்லை. பக்கத்து கிளினிக்கில் வாரம் ஒரு ஊசி. மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல் வலி மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு, சில நாள் மூன்று. மாமியார் சொன்னார் என்று எண்ணெய், ஒத்தடம், மூட்டைப் பிடித்துவிடுகிறவர் ஒருவர். நடுவில் ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். நெகட்டிவ். "வாதம் இல்லீங்கம்மா, நிம்மதியா இருங்க" என்றார்கள். இருந்தேன். அந்தப் பரிசோதனை நெகட்டிவாக இருந்தாலும் முடக்குவாதம் இருக்கலாம், ஆரம்பத்தில் பலருக்கு அப்படித்தான் வரும் என்று எனக்குத் தெரியாது. ஆன்டி சி.சி.பி. என்று இன்னொன்று இருப்பதும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான்: காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, இரண்டு கையிலும் ஒரே மாதிரி, விரல் கணுக்களில் வீக்கம், ஆறு வாரமாகியும் போகவில்லை என்றால் வாதநோய் நிபுணரைத்தான் பார்க்க வேண்டும். எலும்பு டாக்டர் வேறு, வாதநோய் டாக்டர் வேறு என்பதே எனக்கு மார்ச் மாதம்தான் புரிந்தது.

மார்ச் இரண்டாவது வாரம் கோயம்புத்தூர் போனோம். உள்ளே போனதும் நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தார். 164க்கு 98. பஸ்ஸில் வந்த அலுப்பு என்றேன். பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார், 160க்குக் குறையவில்லை. டாக்டர் அம்மா முதலில் கேட்டது கையைப் பற்றி அல்ல, "வலி மாத்திரை எவ்வளவு நாளா, எத்தனை?" என்றுதான். அந்த வகை மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் தொடும் என்றார். எனக்கு அழுத்தம் முன்பே இருந்ததா, மாத்திரையால் வந்ததா என்று இன்றுவரை சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்கு முன் நான் அழுத்தம் பார்த்தது பிரசவத்தின்போது. பதினெட்டு வருடம்!

அப்புறம் என் ஒவ்வொரு விரல் கணுவாக அழுத்திப் பார்த்து, 28 மூட்டுகளை எண்ணிக் குறித்தார். ஒரு பெரிய பரிசோதனைப் பட்டியல் எழுதிக் கொடுத்தார். ரத்த அணுக்கள், உடம்பில் உள்ள அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆன்டி சி.சி.பி., ஈரல், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், மஞ்சள் காமாலை பி, சி, சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, வைட்டமின் டி, நெஞ்சு எக்ஸ்ரே, கை எக்ஸ்ரே. லேப் கவுண்டரில் எட்டாயிரம் சொச்சம் சொன்னார்கள். கணக்குப் பார்க்கிறவள் புத்தி உடனே வேலை செய்தது. காமாலையும் ஈரலும் மருந்து ஆரம்பிக்கும் முன் கட்டாயம் வேண்டும் என்று டாக்டரே வட்டம் போட்டிருந்தார். வட்டம் போடாததில் எதைக் கழிக்கலாம் என்று பார்த்தேன். கைவலிக்கும் தைராய்டுக்கும் என்ன சம்பந்தம்? தைராய்டு 350 ரூபாய், வைட்டமின் டி 1,500. இரண்டையும் அடித்துவிட்டேன். டாக்டரிடம் "எடுத்தாச்சுங்க" என்று பொதுவாகச் சொன்னேன், அவரும் கூட்டத்தில் கவனிக்கவில்லை. அந்த 350 ரூபாய் சேமிப்பு எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆன்டி சி.சி.பி. நன்றாகவே பாசிட்டிவ். முடக்குவாதம்தான். அதை அடக்க மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள், ஃபோலிக் ஆசிட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், இவை வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதால் அதுவரை தாக்குப்பிடிக்கக் குறைந்த அளவில் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். மருந்துக்கடைப் பையன் மெத்தோட்ரெக்சேட் கவரிலும் வழக்கம்போல 'இரவு 1' என்று எழுதிக் கொடுத்திருந்தான். சனி இரவு போட்டேன், ஞாயிறு இரவும் போட்டேன். திங்கள் இரவு மகள் சீட்டை எடுத்துப் படித்து, "அம்மா, இது வாரத்துக்கு ஒண்ணு" என்று பிடுங்கி வைத்தாள். டாக்டருக்குப் போன் செய்து, ரத்த அணுக்கள் பார்த்து, வாயில் இரண்டு புண்ணோடு தப்பித்தேன். தினமும் போட்டு உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னபோது கை நடுங்கியது. இப்போது என் காலண்டரில் ஒவ்வொரு சனிக்கிழமையும் சிவப்பு வட்டம். மாத்திரை அட்டை மகளின் அலமாரியில்தான் இருக்கும்.

அழுத்தத்துக்கு ஈரோட்டில் எங்கள் குடும்ப டாக்டர் அம்லோடிபின் எழுதினார். ஒன்றரை மாதத்தில் இரண்டு கணுக்காலும் வீங்கின. வாதம் காலுக்கு இறங்கிவிட்டது என்று ராத்திரி முழுக்க அழுதேன். என் வீட்டுக்காரர் என்னைத் தேற்ற முடியாமல் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தார். மூட்டில் ஒன்றுமில்லை, ஆனாலும் வலி மாத்திரை பத்து நாளுக்கு! நல்லவேளை, அதைப் போடும் முன் கோயம்புத்தூருக்குப் போட்டோ அனுப்பினோம். "கணுக்காலுக்கு மேல எலும்பு மேல கட்டைவிரலை வெச்சு பத்து நொடி அழுத்துங்க, குழி விழுதா?" என்று திருப்பிக் கேட்டார்கள். விழுந்தது, ஒரு ரூபாய் காசு வைக்கிற அளவுக்கு. அது மூட்டு வீக்கமே இல்லையாம், அழுத்த மாத்திரையால் தேங்கிய நீர். மாத்திரையை டெல்மிசார்டனுக்கு மாற்றியதும் பத்து நாளில் கால் பழையபடி ஆனது. முடக்குவாதம் என்று ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் அதன்பிறகு உடம்பில் எது நடந்தாலும் அதன் கணக்கில்தான் எழுதுவோம். டாக்டர்களும் எழுதுவார்கள். நான் செய்த எல்லாத் தப்பும் இந்த ஒரே பேரேட்டில் எல்லாவற்றையும் பற்று வைத்ததால் வந்ததுதான்.

பிரட்னிசலோன் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இது எனக்கு மட்டும் நடப்பதில்லை என்று காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பேசித் தெரிந்துகொண்டேன். அந்தக் குட்டி மாத்திரை போட்ட மூன்றாம் நாள் நான் சப்பாத்தி தேய்த்தேன். பின் குத்தினேன். கோலம் போட்டேன், அதுவும் புள்ளி வைத்து. ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும் என்று சீட்டில் தெளிவாக இருந்தது. ஆனால் வைகாசியில் அண்ணன் மகள் கல்யாணம். அத்தை நான், சீர் தட்டுத் தூக்க வேண்டும், நாலு பேர் முன்னால் கையை முடக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. மே மாத ரிவ்யூவுக்குப் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டினால் கடையில் கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்தும் விட மனசு வரவில்லை. ஆகஸ்ட் வரை, ஐந்து மாதத்துக்கு மேல், தினம் 10 மில்லிகிராம்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை. அதனால் எனக்கும் ஒரு பயம் இருந்தது, ஜூலையில் நானாகவே லேபில் போய்ப் பார்த்தேன். வெறும் வயிற்றில் 104. கொஞ்சம் கூடுதல், பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் தாகம், ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது, அந்தரங்க அரிப்பு. கடைசியில் சொன்னதை யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு மாதம் ஓட்டினேன். ஆகஸ்டில் டாக்டர் அம்மா மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கச் சொன்னார். 271. காலையில் போடும் ஸ்டீராய்டு, சர்க்கரையை மதியத்திலிருந்து இரவு வரைதான் ஏற்றும், விடிவதற்குள் இறங்கிவிடும், அதனால் வெறும் வயிற்றுக் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம் என்று விளக்கினார். ஸ்டீராய்டு போடுகிறவர்கள், குறிப்பாக வீட்டில் யாருக்காவது சர்க்கரை உள்ளவர்கள், மதிய உணவுக்குப் பின்னும் பாருங்கள். இன்னொன்று, பயந்துபோய் அன்றைக்கே நானாக நிறுத்திவிடப் பார்த்தேன். அது இன்னும் ஆபத்து. மாதக்கணக்கில் வெளியிலிருந்து கொடுத்தால் உடம்பு தானே சுரப்பதைக் குறைத்துவிடும், திடீரென்று நிறுத்தினால் மயக்கம் வந்து விழுவோம் என்று சொல்லி, இரண்டு மாதம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

அதே ஆகஸ்ட் ரிவ்யூவில்தான் தைராய்டும் பிடிபட்டது. அது எப்படி என்று விவரமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட்ட தாளைக் கொடுத்து, 'இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள், 0 முதல் 100 வரை குறியுங்கள்' என்பார்கள். நோயின் வேகத்தைக் கணக்கிடும் மதிப்பெண்ணில், வீங்கிய மூட்டு, வலிக்கும் மூட்டு, ரத்தத்தில் இ.எஸ்.ஆர்., இவற்றோடு நாம் போடும் இந்த மார்க்கும் சேர்கிறது. நான் 80ல் கோடு போட்டேன். எனக்கு உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. படி ஏறினால் தொடை வலி, முடி கொத்துக் கொத்தாக உதிரும், எடை நாலு கிலோ கூடியிருந்தது, மத்தியானம் ஆபீஸில் லெட்ஜர் மேலேயே தலை சாயும். எல்லாம் மெத்தோட்ரெக்சேட் செய்யும் வேலை என்று நினைத்திருந்தேன். டாக்டர் அம்மா மூட்டை எண்ணிவிட்டுத் தாளைப் பார்த்தார். "வீங்கினது ரெண்டே மூட்டு. நீங்க 80 போட்டிருக்கீங்க. மீதி எங்கிருந்தும்மா வருது?" என்று பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். தைராய்டு ரிப்போர்ட் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டவில்லை. தைராய்டு குறைவாகச் சுரந்தால் ஏறும் டி.எஸ்.ஹெச். எண் 18 வந்தது. 4 சொச்சத்துக்குள் இருக்க வேண்டியது.

சம்பந்தம் இருக்கிறதாம். நம் உடம்பின் காவல் படையே மூட்டைத் தாக்குவதுதான் முடக்குவாதம். அதே படை தைராய்டு சுரப்பியைத் தாக்குவதும் உண்டு, ஒன்று இருப்பவர்களுக்கு மற்றது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அந்தச் சோர்வை வாதத்தின் கணக்கில் வைத்திருந்தால் மெத்தோட்ரெக்சேட் அளவைத்தான் ஏற்றியிருப்பார்கள். மூட்டும் குறைந்திருக்காது, சோர்வும் போயிருக்காது.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. தைராய்டு மாத்திரையான தைராக்சின் 50 மைக்ரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள், ஈரோட்டில் ஒரு சர்க்கரை-தைராய்டு டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று. வெறும் வயிற்றில் போடச் சொன்னார்கள், போட்டேன். ஆனால் எலும்புக்காகக் கோயம்புத்தூரில் கொடுத்த கால்சியம் மாத்திரையையும் அதே தண்ணீரில் சேர்த்தே முழுங்கினேன், ஐந்து நிமிடத்தில் காபி. ஏழு பெட்டி மாத்திரை டப்பா வாங்கி, 'காலை' என்ற குழியில் காலை மாத்திரை எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தேன். ஒழுங்காக இருக்கிறேன் என்ற பெருமை வேறு. ஆறு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். 13. அளவை 75 ஆக்கினார்கள். மறுபடி ஆறு வாரம், 10. 100 ஆக்கினார்கள். யாரும் எப்படிப் போடுகிறாய் என்று கேட்கவில்லை. மருந்துக்கடையில் புதிதாக வந்த பெண் ஒருத்தி, பில் போடும்போது, "அக்கா, கால்சியத்தையும் தைராய்டையும் சேர்த்துப் போட மாட்டீங்கல்ல?" என்றாள். கால்சியமும் இரும்பு மாத்திரையும் தைராக்சினை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும், நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும், காபிகூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். அன்றே கால்சியத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாற்றினேன். ஆனால் அளவை டாக்டரிடம் சொல்லிக் குறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. 100 முழுசாக உடம்பில் சேர ஆரம்பித்ததும் ஒரு மாதத்தில் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. மாரடைப்பு என்று பயந்து ராத்திரி பதினோரு மணிக்கு அவசரப் பிரிவுக்கு ஓடி, ஈ.சி.ஜி., எக்கோ, ஒரு ராத்திரி தங்கல், 11,600 ரூபாய். தைராய்டு மாத்திரை கூடிப்போனதுதான் காரணம். திரும்ப 50க்கு வந்தோம். அந்தப் பெண்ணுக்கு தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்தேன்.

ரத்தசோகை இன்னொரு வால். ஹீமோகுளோபின் 9.4. வலி மாத்திரை வயிற்றைக் கீறி ரத்தம் கசிந்தது பாதி, மாதவிடாய் பாதி, வாதமே கொஞ்சம் குறைக்கும். உடம்பில் அழற்சி இருக்கும்போது இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பொய்யாகக் கூடித் தெரியும், ரத்தசோகை இ.எஸ்.ஆரைக் கூட்டிக் காட்டும், இரும்புச்சத்து குறைந்தால் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கான ஹெச்.பி.ஏ.1சி கூடத் தப்பாகக் கூடலாம். ஒரு எண் இன்னொரு எண்ணை இழுத்துவிடுகிறது. ஒரு ரிப்போர்ட்டைத் தனியாக வைத்துக்கொண்டு கூகுளில் தேடி ராத்திரி அழாதீர்கள், அவ்வளவுதான் நான் கற்றது.

அவசரப் பிரிவிலிருந்து வந்த மறுநாள்தான் உட்கார்ந்து யோசித்தேன். கோயம்புத்தூர் டாக்டர், குடும்ப டாக்டர், சர்க்கரை டாக்டர். மூவரும் நல்லவர்கள், ஆனால் ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. ஒரே மாதத்தில் மூன்று இடத்தில் ஹீமோகுளோபின் பார்த்து மூன்று தடவை பணம் கட்டியிருக்கிறேன். ஆபீஸில் ஒரு பார்ட்டிக்கு மூன்று கிளையில் மூன்று கணக்கு இருந்தால் நான் விடுவேனா? ஏ4 தாள் ஒன்றை எடுத்தேன். மேலே, எனக்கு இருக்கும் நோய்கள், எது எப்போது தெரிந்தது. அதன் கீழே மாத்திரைகள், எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, எந்த டாக்டர் எழுதியது. சிவப்பு மையில் 'மெத்தோட்ரெக்சேட் - சனிக்கிழமை மட்டும்'. பின்பக்கம் தேதிவாரியாகப் பத்து எண்கள்: அழுத்தம், எடை, ஹீமோகுளோபின், வெள்ளை அணு, ஈரல், கிரியாட்டினின், சர்க்கரை இரண்டும், டி.எஸ்.ஹெச்., இ.எஸ்.ஆர். எந்த டாக்டரிடம் போனாலும் வாயைத் திறக்கும் முன் இந்தத் தாளை மேஜையில் வைப்பேன்.

இரண்டாவது வாரமே பலன் தெரிந்தது. சர்க்கரையின் உபயத்தில் சிறுநீர்த் தொற்று. அவசரத்துக்குப் பக்கத்து கிளினிக்கில் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் எழுத ஆரம்பித்தவர், தாளைப் பார்த்துப் பேனாவை நிறுத்தினார். மெத்தோட்ரெக்சேட்டோடு அது சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஒரேயடியாகக் குறைந்துவிடுமாம். வேறு மாத்திரை கொடுத்தார். தாள் இல்லாமல் போயிருந்தால் நான் அதைச் சொல்லியிருக்க மாட்டேன். சிறுநீர் எரிச்சலுக்குப் போனவள் வாதத்தைப் பற்றி ஏன் பேசப்போகிறேன்?

கொழுப்பு விஷயம் எனக்குப் புதிதாக இருந்தது. மார்ச்சில் நோய் உச்சத்தில் இருந்தபோது கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 98. டிசம்பரில், மூட்டெல்லாம் அடங்கிய பிறகு, 141. மருந்து கொழுப்பை ஏற்றிவிட்டது என்று சண்டைக்குப் போனேன். அழற்சி அதிகமாக இருக்கும்போது கொழுப்பு எண் கீழே இறங்கித் தெரியும், அது நல்ல அறிகுறி இல்லை, நோய் அடங்கியதும்தான் நிஜமான எண் வெளியே வரும் என்றார் டாக்டர் அம்மா. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் கூடுதல். அதனால் வழக்கமாகக் கணக்கிடும் இதய அபாயத்தை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளச் சொல்லி ஐரோப்பிய வாதநோய் வழிகாட்டுதலே இருக்கிறதாம். அழுத்தம், சர்க்கரை இரண்டும் சேர்ந்ததால் எனக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் ஆரம்பித்தார். அதை மட்டும் நான் மனதார ஏற்கவில்லை, இன்னும் ஒரு மாத்திரையா என்று இருந்தது. போடுகிறேன்.

மனசைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கடைசி நாள். நவம்பரில் அன்றைக்கு எண்கள் கண்ணில் ஏறவே இல்லை, பாத்ரூமில் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வீட்டில் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் "நேத்து நல்லாத்தானே இருந்தீங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. மாமியார் ஒருநாள், "எங்க காலத்துல இத்தனை நோவு ஏது சாமி" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார், எனக்குத்தான் குத்தியது. மனநல டாக்டரிடம் போகச் சொன்னபோது வீட்டுக்காரர் யோசித்தார், நான் அவரைவிட அதிகம் யோசித்தேன். போனபிறகு தூக்கம் வந்தது. தூக்கம் வந்தபிறகு வலி குறைந்தது. அடுத்த ரிவ்யூவில் அந்தக் கோட்டில் 35 போட்டேன். வாதத்துக்கு ஒரு மாத்திரைகூடக் கூட்டவில்லை.

பணக்கணக்கு: 2023 டிசம்பர் முதல் 2024 டிசம்பர் வரை 1,18,400 ரூபாய், சம்பளமில்லா விடுப்பு 19 நாள். ஒரு ஜோடி வளையல் அடகில் போய்த் திரும்பி வந்தது. இதில் 40,000 ரூபாய்க்கு மேல் எனக்கே தெரிந்த வீண் செலவு. என் சம்பளம் 21,000ஐத் தாண்டியதால் இ.எஸ்.ஐ. கிடையாது. கம்பெனி இன்சூரன்ஸ் படுக்கையில் சேர்ந்தால்தான், மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் தராது. இதெல்லாம் வந்தபின் சொந்தமாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். அதனால் இப்போது ஆரோக்கியமாக இருக்கும் தங்கைகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை 2021ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கௌரவம் பார்த்து ஆறு மாதம் நான் கேட்கவே இல்லை. மற்றவற்றை மக்கள் மருந்தகத்தில் வாங்குகிறேன், கடை விலையில் பாதிகூட ஆவதில்லை.

இப்போது விரல் மடங்குகிறது. ஸ்டீராய்டு நின்று ஹெச்.பி.ஏ.1சி 7.6லிருந்து 6.3க்கு இறங்கியிருக்கிறது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையோடு. அப்பாவின் சொத்து, முழுசாகப் போகாது. ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்காக விழித்திரை பார்த்தாயிற்று, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நிமோனியா தடுப்பூசி போட்டாயிற்று. வறட்டு இருமல் வந்து நிற்காவிட்டால் சளி மருந்து குடித்துக்கொண்டு இருக்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள், நுரையீரலையும் இந்த வாதம் தொடுமாம். ஈறில் ரத்தம் வருகிறது என்று போன தடவை சும்மா சொன்னேன். ஈறு நோயும் முடக்குவாதமும் அடிக்கடி ஜோடியாக இருக்கும், முதலில் பல் டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு அப்பாயின்ட்மென்ட். தாளில் இடமில்லை, ராத்திரி புதுசாக ஒன்று எழுதணும்.